மரம் ஏன் பால் தர மறுக்கிறது?

(மாவனல்லையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மரத்தில் பால் இருக்கிறது, உனக்குத்தான் வெட்டத் தெரியவில்லை." இந்தப் பேச்சைக் கேட்காத பால்வெட்டுத் தொழிலாளி இங்கே இருக்கமாட்டார். கிலோ குறைந்தால் அரைப்பெயர். பதில் சொல்ல வேண்டுமானால், மரத்துக்குள் நடப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இறப்பர் மரம் அமேசன் காட்டில் பிறந்தது. 1876இல் கன்றுகளாக ஹேனரத்கொடைக்கு வந்தது. அது பாலைச் சுரப்பது நமக்காக அல்ல. பூச்சி கடித்தால், பூஞ்சணம் புகுந்தால், ஓடித் தப்ப மரத்துக்குக் கால் இல்லை. பால்தான் அதன் ஆயுதம்.

பட்டைக்குள் மயிரிழையைவிட மெல்லிய பாற்குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் இறப்பர் துணிக்கைகளோடு, லூட்டோயிட் எனப்படும் நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. காயம் பட்டதும் பைகள் உடைகின்றன. உள்ளிருக்கும் ஹெவீன் என்ற புரதம் துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் காயத்தை அடைக்கிறது. பூஞ்சணத்தின் சுவரிலுள்ள கைட்டினைப் பற்றிக்கொண்டு அதன் வளர்ச்சியையும் தடுக்கிறது. காலையில் வெட்டிய மரத்தில் சில மணித்தியாலத்தில் பால் தானாக நிற்பது இதனால்தான்.

ஆக, நாம் வெட்டும் ஒவ்வொரு வெட்டும் மரத்துக்கு ஒரு காயம். போன பாலை மீண்டும் உண்டாக்க இலை செய்யும் சீனி வேண்டும்; இரண்டு மூன்று நாள் ஓய்வும் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை அதற்காகத்தான். நாள்தோறும் வெட்டினால் மரம் களைக்கும். பால் கூட ஓடுவதற்குப் பூசும் எத்தபோன் மருந்து, வாழைக்காயைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன் வாயுவை மரத்துக்குள் விடுகிறது. அளவு மீறினால் அதுவும் மரத்தை வாட்டும்.

களைத்த கலங்களில் தீவிர ஒட்சிசன் பெருகி, லூட்டோயிட் பைகளின் சவ்வைச் சிதைக்கிறது. பைகள் குழாய்க்குள்ளேயே உடைகின்றன. பால் உள்ளேயே உறைகிறது. பிறகு எவ்வளவு நல்ல கைகாரர் வெட்டினாலும் சிரட்டை நிறையாது. இதுதான் வெட்டுப்பட்டை காய்தல்.

இலை நோயும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 2019இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பெஸ்டலோடியாப்சிஸ் பூஞ்சணம் இலைகளை உதிர்க்கிறது. இலை போனால் சீனி இல்லை. சீனி இல்லாவிட்டால் பால் இல்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கத்தி மரத்தைத் தொடுமளவு ஆழமாகப் போனால் புதுப்பட்டை கெடும். அதைக் கவனிப்பது நம் பொறுப்பு. ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது, எவ்வளவு மருந்து பூசுவது என்பதைத் தீர்மானிப்பவர் தொழிலாளி அல்ல. அந்த முடிவின் விலையை அவர் சம்பளத்தில் வெட்டக்கூடாது.

இன்றிலிருந்து ஒரு காரியம் செய்வோம். ஒவ்வொருவரும் தம் பங்கில் காய்ந்த மரங்களை எண்ணுங்கள். வெட்டிய நாள், மழை நாள், மருந்து பூசிய நாள், கிடைத்த கிலோ எல்லாவற்றையும் கொப்பியில் குறியுங்கள். எழுதச் சிரமமானவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மாத முடிவில் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். காய்ந்த மரங்களைக் கணக்கிலிருந்து கழித்துக் கிலோவை நிர்ணயிக்க வேண்டும், அந்த மரங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையைப் பெற வேண்டும் என்று நிர்வாகத்திடம் அந்தக் கணக்கோடு கேட்போம்.

மரத்துக்கு ஓய்வு கேட்பது நம் வேலையைக் காப்பாற்றுவதற்கும்தான்.