பரிணாமத்தை ஏற்பதும் ஒரு நம்பிக்கைதானா?

(ஜெலுத்தோங் ஆலய மண்டபத்தில், நவராத்திரி ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூசைக்குப் பின் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தரப்பட்டது.)



கலைமகளின் திருநாளில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசும்படி செயலவைத் தலைவர் என்னைப் பணித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் கல்வியின் பெருமையைப் பேசுவதில் புதுமை ஒன்றும் இல்லை. நீங்களும் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். ஆகவே, பணி ஓய்வுக்குப் பிறகு, இதே மண்டபத்தில், நான் செய்த ஒரு பிழையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பை நான் நடத்துவது உங்களுக்குத் தெரியும். நடமாட்டக் கட்டுப்பாடு எல்லாம் முடிந்து வகுப்பை மறுபடி தொடங்கிய சமயம். படிவம் ஐந்தில் படித்த ஒரு பெண் பிள்ளை வந்துகொண்டிருந்தாள். நல்ல குரல். திருமுறை பாடினால் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு நாள் எழுந்து, “சார், இறைவன் படைத்தான் என்று இங்கே படிக்கிறோம். உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன என்று புத்தகத்தில் படித்தேன். நான் எதை எடுத்துக்கொள்வது?” என்று கேட்டாள்.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருந்தது. ஆசிரியர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் ஆபத்தானது. “அதுவும் ஒரு நம்பிக்கைதானம்மா. அவர்களுக்கு டார்வின் சாமி, நமக்கு நம் சாமி” என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “சார், எது கிடைத்தால் உங்கள் நம்பிக்கையை விட்டுவிடுவீர்கள்?” என்று கேட்டாள். “உட்காரம்மா” என்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அர்ச்சனைக்கு வந்த அவளுடைய தாயார், “பாடம் அதிகம் சார்” என்றார். காரணம் அதுவல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்துதான் நான் படிக்கத் தொடங்கினேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு பிள்ளையின் கேள்விக்காகப் படித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

முதலில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. டார்வின் பெயரை எல்லோரும் அறிவோம். அதே கருத்தைத் தனியாகவே கண்டுபிடித்த இன்னொருவர் உண்டு. ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். 1854இல், 31 வயதில், இலங்கையின் காலி துறைமுகத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய் இறங்கினார். ஜெலுத்தோங் மரங்கள் நின்ற இந்தக் கரையைக் கப்பலிலிருந்து பார்த்திருப்பார் என்று நினைக்கையில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. எட்டு ஆண்டுகள் இந்தத் தீவுகளில் அலைந்து 1,25,000-க்கும் மேற்பட்ட பூச்சிகள், பறவைகள், விலங்குகளைச் சேகரித்தார். 1855இல் சரவாக்கில் இருந்தபோது, ஒவ்வொரு புதிய இனமும் தனக்கு நெருங்கிய உறவுடைய பழைய இனம் இருந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றியிருக்கிறது என்று எழுதினார். எப்படித் தோன்றியது என்பது 1858இல் மலுக்கு தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது அவருக்குப் புலப்பட்டது. அந்தக் கடிதம் டார்வினுக்குப் போயிற்று. அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் லண்டனில் இருவர் கட்டுரையும் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

நான் சொல்ல வருவது இதுதான். ஒருவர் இங்கிலாந்தில் புறாக்களையும் கொட்டலசுகளையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். மற்றவர் நம் காட்டில் அட்டை கடிக்க நடக்கிறார். இருவரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். பார்த்த பொருள்கள் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தின. ‘டார்வின் சாமி’ என்று நான் சொன்னது அப்போதே பொய்யாகிவிட்டது.

இனி, “யார் பார்த்தது?” என்ற கேள்வி. 2018 ஜனவரியில் இந்தியாவின் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதைத் தாம் கண்டதாக நம் முன்னோர் யாரும் சொன்னதோ எழுதியதோ இல்லை, ஆகவே டார்வின் கொள்கை தவறு என்று பேசினார். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023இல் அங்கே 10ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையொப்பமிட்டார்கள். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆனால் ‘பார்த்தால்தான் ஏற்பேன்’ என்ற வாதத்தைச் சைவர்கள் பேசும்போது எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஏனென்றால் நம் சித்தாந்தம் அந்த வாதத்தை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே மறுத்துவிட்டது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பற்றிப் பேசுகிறது. ஒன்றை எப்படி அறிகிறோம்? காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது காண்டல். மலைமேல் புகையைக் கண்டு அங்கே தீ உண்டென்று கொள்வது கருதல். நம்பத்தக்கவர் சொல் உரை. காட்சி ஒன்றே அளவை என்று பேசியவர்கள் உலகாயதர்கள். பரபக்கத்தில் முதலில் மறுக்கப்படுபவர்களும் அவர்களே. உலகம் என்ற காரியத்தைக் கண்டு அதற்கு ஒரு கருத்தா உண்டு என்று கொள்வதும் கருதல்தான். புகையைக் கண்டு தீயைக் கொள்ளக்கூடாது என்றால் நம் கூரையும் சேர்ந்தே விழும்.

பரிணாமத்தின் புகை எது என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய பாறைகளில் மீன்கள் உண்டு, நான்கு கால் விலங்குகள் இல்லை. அதைவிடப் புதிய பாறைகளில் நான்கு கால் விலங்குகள் உண்டு. மீன் வழியில்தான் கால் வந்தது என்றால், நடுவே உள்ள காலத்துப் பாறையில் பாதி மீனும் பாதி கால்நடையுமாக ஒன்று கிடைக்க வேண்டும். நீல் ஷுபின் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் தோழர்களும் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு வயதுடைய, ஆற்றுப்படுகையில் படிந்த பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று வரைபடத்தில் தேடினார்கள். கனடாவின் வடகோடியில், பனி சூழ்ந்த எல்ஸ்மியர் தீவில் இருந்தது. 1999இல் அப்பகுதிக்குப் போகத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஆண்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். 2004இல் கிடைத்தது. செதிலும் செவுளும் உண்டு. கூடவே திருப்பக்கூடிய கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பும். ‘டிக்டாலிக்’ என்று பெயரிட்டு 2006இல் வெளியிட்டார்கள். எங்கே, எந்தக் காலத்துப் பாறையில், எப்படிப்பட்டது கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போய் எடுத்திருக்கிறார்கள். கிடைக்காமலும் போயிருக்கலாம் அல்லவா? அந்த ‘கிடைக்காமலும் போயிருக்கலாம்’ என்பதில்தான் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி இருக்கிறது.

ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற பெரிய உயிரியலாளர், 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து புவனேசுவரத்தில் 1964இல் காலமானவர், எது கிடைத்தால் பரிணாமத்தைக் கைவிடுவீர்கள் என்று கேட்டதற்கு, கேம்பிரியன் காலத்துக்கு முந்திய பாறையில் ஒரு முயல் என்றாராம். அதாவது 54 கோடி ஆண்டுக்கு முந்திய பாறையில் ஒரே ஒரு முயல் எலும்பு. அவர்களிடம் பதில் இருக்கிறது. என்னிடம் “உட்காரம்மா” தான் இருந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. நான் எல்ஸ்மியர் தீவுக்குப் போகவில்லை. பாறையின் வயதை நான் அளக்கவில்லை. பக்கத்தில் மிண்டனில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகத்தார் லெங்கோங்கில் 1991இல் கண்டெடுத்த பேராக் மனிதனுக்குப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் வயது என்கிறார்கள். கால்களை மடக்கி, சிப்பிகளும் இறைச்சியும் வைத்து, முறையாக அடக்கம் செய்திருக்கிறார்கள். அதையும் நான் அவர்கள் சொல்லித்தான் அறிவேன். அப்படியானால் நானும் நம்பித்தானே ஏற்கிறேன்?

ஆமாம். இதற்கு நம் ஆலயக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அன்னதானத்துக்கு ஐம்பது வெள்ளி தருகிறீர்கள். ஆண்டுக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையை வாசிக்கும்போது பாதிப்பேர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள் (பெயர் சொல்லமாட்டேன்). நம்பித்தான் தருகிறீர்கள். ஆனாலும் யாராவது ஒருவர் எழுந்து ரசீது எண்ணைக் கேட்டால் பொருளாளர் எடுத்துக் காட்டியாக வேண்டும். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் திறந்த பேரேடு இருக்கிறது. 1912இல் பில்ட்டவுன் மனிதன் என்று இங்கிலாந்தில் ஒரு மண்டையோட்டைக் காட்டி ஏமாற்றினார்கள். 1953இல் அது மோசடி என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் யார்? மதவாதிகள் அல்லர், அதே துறை அறிவியலாளர்கள். காலம் நாற்பது ஆண்டு பிடித்தது, அது பெருமைக்குரியதல்ல. இருந்தாலும் கணக்கைத் திருத்தினார்கள்.

அம்பாளிடம் நாம் வைப்பது அந்த நம்பிக்கையா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நெய்விளக்கு ஏற்றும் தாய் ரசீது கேட்பதில்லை. காய்ச்சல் தணியாவிட்டாலும் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாள். தமிழில் இரண்டுக்கும் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லின் பின்னால் ஒளிந்துகொண்டுதான் நான் அன்று தப்பித்தேன்.

இதன் மறுபக்கமும் ஒரு தப்பித்தல்தான். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் புல் முதலாகப் பிறவிகளை வரிசையாகச் சொல்கிறாரே, தசாவதாரம் மச்சத்தில் தொடங்குகிறதே, டார்வினுக்கு முன்பே நாம் சொல்லிவிட்டோம் என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். மணிவாசகர் பாடியது பிறந்து பிறந்து இளைத்த ஓர் உயிரின் களைப்பை. அதை எலும்புகளின் வரலாறாக்கினால் பாட்டும் கெடும், பாடமும் கெடும். பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி என்று ஒப்பிடுவதும் அப்படியே. பொருந்தும் எண்ணை மட்டும் ஏந்திக்கொண்டு பொருந்தாதவற்றை விட்டுவிடுவது கணக்கல்ல.

வாலஸைப் பற்றி இன்னொன்று. அவர் பிற்காலத்தில், உடம்பு இயற்கைத் தேர்வால் வந்தாலும் மனிதனின் மனமும் அறவுணர்வும் அதனால் மட்டும் வந்திருக்க முடியாது, அதற்கு மேலான ஓர் ஆற்றல் உண்டு என்று 1869 முதல் எழுதினார். டார்வின் மிகவும் வருந்தினார். அறிவியலாளர் பெரும்பாலோர் வாலஸின் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. எனக்கும் அவர் சான்று தந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அவர் இரண்டையும் ஒன்றென்று குழப்பவில்லை. வண்டுகளைப் பற்றிய கணக்கை வண்டுகளைக் கொண்டே முடித்தார்.

போன மாதம் ஜெலுத்தோங் சந்தையில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அம்மாவுக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தாள். “அன்று நான் சொன்னது தப்பம்மா” என்றேன். அவள் பதறிப்போய், “ஐயோ, என்ன சார் இது” என்றாள். நான் விடவில்லை. “உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். எது கிடைத்தாலும் நான் அம்பாளை விடமாட்டேன். அதனால்தான் அதை டார்வினோடு ஒரே தராசில் வைத்திருக்கக்கூடாது. அவர் சொன்னது சான்று இருக்கும்வரை நிற்கும். இது வேறு” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்னும் பத்து மணிக்குத்தானா சார்?” என்று கேட்டாள். ஒன்பதரைக்கு மாற்றிவிட்டோம் என்றேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.