வாயிலும் அவையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

ஒரு நூலை எழுதி முடித்தலும் அதனை அவை ஏற்கச் செய்தலும் தமிழ் மரபில் இருவேறு செயல்களாகவே எண்ணப்பட்டு வந்தன. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதெனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. நூலைச் செய்தவர் பெயரோடு அதனைக் கேட்டு ஆராய்ந்தவர் பெயரும் அப்பாயிரத்திலேயே நிலைபெற்றுவிட்டது. அச்சு வந்த பின் அரங்கேற்ற அவையின் இடத்தைப் பதிப்பாளரும் இதழாசிரியரும் பெற்றனர். இன்று அகராதியாயினும் கவிதைத் தொகுதியாயினும் விளையாட்டாயினும், 'செயலி' என்னும் வடிவில் கைபேசிக்குள் புக விரும்பும் எதுவும் செயலிக் கடை என்னும் வாயிலைக் கடக்க வேண்டியுள்ளது. செயலியைப் படைக்கும் நிரலாளர் அவ்வாயிலில் எதிர்கொள்வன யாவை, அவற்றுள் எழுதுவோர் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பதே இவ்வுரையின் பொருள்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007ஆம் ஆண்டு வெளிவந்தபோது வெளியார் படைத்த செயலிகளுக்கு அதில் இடமில்லை. 2008 ஜூலை 10ஆம் நாள் ஏறத்தாழ 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் தன் கடையைத் தொடங்கியது; 2012இல் அது கூகுள் பிளே எனப் பெயர் மாறிற்று. ஆண்ட்ராய்டு கைபேசியில் கடைக்கு வெளியிலிருந்தும் செயலியை நிறுவ வழியுண்டு. ஐபோனிலோ, 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் வற்புறுத்தும்வரை, பொதுமக்களுக்கென வேறு கடையை ஆப்பிள் எங்கும் அனுமதித்ததில்லை.

பாயிரம்

நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு எட்டு உறுப்புகளை வகுத்தார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. செயலிக் கடையில் நிரப்ப வேண்டிய படிவத்தைக் காணும் தமிழறிந்தவர்க்கு இவ்வெட்டும் நினைவுக்கு வராமற் போகா. படைத்தவர் பெயரை அது கேட்கிறது. எந்தெந்த நாடுகளில் செயலி வழங்கப்பட வேண்டும் என்று கேட்கிறது, அதுவே எல்லை. எவ்வகையைச் சார்ந்தது என்று கேட்கிறது. அது நுதலிய பொருள். எவ்வயதினர்க்கு உரியது என்று கேட்கிறது, அது கேட்போர். பாயிரம் என்றும் கேளாத ஒன்றையும் அது கேட்கிறது. பயன்படுத்துவோரிடமிருந்து எத்தகவல்களைச் செயலி திரட்டுகிறது, அவற்றை யாருக்குத் தருகிறது என்பதே அது. ஆப்பிள் 2020 டிசம்பரிலும் கூகுள் 2022இலும் இவ்விவரத்தைக் கடையிலேயே வெளிப்படக் காட்டத் தொடங்கின.

ஆப்பிளின் கடையில் செயலியின் பெயருக்கு 30 எழுத்துகளும், துணைப்பெயருக்கு 30 எழுத்துகளும், தேடுசொற்களுக்குக் காற்புள்ளிகள் உட்பட 100 எழுத்துகளும் அளவாக வைக்கப்பட்டுள்ளன. ஏழு சீருக்குள் கருத்தை நிறுத்தப் பழகிய கவிஞர்க்கு இச்சுருக்கம் புதிதாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கவிஞர் பொருளுக்குத் தக்க சொல்லைத் தேர்கிறார். நிரலாளரோ முன்பின் அறியாத ஒருவர் தேடும்போது என்ன சொல்லைத் தட்டுவார் என்று ஊகித்து அச்சொல்லைத் தேர்கிறார். தம் செயலிக்கு 'யாப்பு' என்று அழகாகப் பெயரிட்டவர், தேடுவோர் 'வெண்பா எழுதுவது எப்படி' என்றே தேடுகின்றனர் என்பதை உணர நாளாகிறது.

கட்டணமும் உண்டு. ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். கூகுள் 2023 நவம்பரில் மேலும் ஒரு நிபந்தனையை விதித்தது. அதன்பின் தனிமனிதராகப் புதிதாகக் கணக்குத் தொடங்குவோர், 20 பேரைக் கொண்டு 14 நாள் இடைவிடாது செயலியைச் சோதித்த பின்னரே பொதுவில் வெளியிட இயலும் என்றது. 2024 டிசம்பரில் அவ்வெண்ணிக்கை 12ஆகக் குறைக்கப்பட்டது. தனியே அமர்ந்து உழைக்கும் நிரலாளர் பலர் இடர்ப்படுவது இங்கேதான். நண்பர் பன்னிருவரைத் திரட்டி இரு வாரம் பொறுமையுடன் இருக்கச் செய்வது எளிதன்று என்பதை, மாதக் கூட்டத்திற்கு ஆள் சேர்த்த பட்டறிவுடைய இவ்வவை நன்கறியும்.

வாயில்

ஆப்பிளின் விதித்தொகுப்பு பாதுகாப்பு, செயல்திறன், வணிகம், வடிவமைப்பு, சட்டம் என்னும் ஐந்து பிரிவுகளை உடையது. வந்து சேரும் செயலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு 24 மணி நேரத்துக்குள் ஆராயப்படுகின்றன என அந்நிறுவனம் கூறுகிறது. மறுப்புகளுக்கான காரணங்கள் பலவும் எளிய வழுக்களே. செயலி இடையில் நின்றுபோதல், நிரப்பப்படாத பக்கங்கள், உள்நுழைந்து பார்க்க ஆய்வாளர்க்குக் கடவுச்சொல் தராமை, செயலியில் இல்லாததை விளம்பரப் படத்தில் காட்டுதல் ஆகியவை அத்தகையன. இவற்றைச் சுட்டுவது முறையே. அச்சுப்பிழை திருத்துபவரை நூலாசிரியர் பகைவராகக் கருதுவதில்லை.

இடர் மிகுவது, ஆய்வாளர் பண்டத்தை விட்டுப் படைப்பை எடைபோடத் தொடங்கும்போதுதான். இலக்கிய வட்டத்தார் மறவாதிருக்க வேண்டிய மூன்று நிகழ்ச்சிகள் உள்ளன.

2009 மே மாதம், 'யூகலிப்டஸ்' என்னும் மின்னூல் வாசிப்புச் செயலி மறுக்கப்பட்டது. குட்டன்பர்க் திட்டத்தின் இலவச நூல்களை எடுத்துத் தருவது அச்செயலியின் பணி. அதன் வழியாக வாத்ஸ்யாயனரின் காமசூத்திர மொழிபெயர்ப்பையும் படிக்க இயலும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அதே நூலை ஐபோனின் இணைய உலவியில் எவரும் படிக்கலாம் என்பது கருதப்படவில்லை. செய்தி பரவிய சில நாட்களில் முடிவு மாற்றப்பட்டது.

இரண்டாவது, அமெரிக்க அரசியல் கேலிச்சித்திரக் கலைஞர் மார்க் ஃபியோரின் செயலி. அவருடைய சித்திரங்கள் பொதுவாழ்வினரை எள்ளி நகையாடுகின்றன என்று காரணம் காட்டி, 2009 டிசம்பரில் அது மறுக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் அதே கலைஞர் புலிட்சர் பரிசு பெற்றார். மறுப்புச் செய்தி நாளிதழ்களில் வெளியானதும் செயலியை மீண்டும் அனுப்புமாறு அவருக்கு அழைப்பு வந்தது, செயலியும் ஏற்கப்பட்டது.

மூன்றாவது, ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யூலிசிஸ்' புதினத்தைச் சித்திரக்கதையாக்கிய 'யூலிசிஸ் சீன்'. 2010 ஜூனில் அதிலிருந்த ஆடையற்ற உருவங்களை நீக்குமாறு கேட்கப்பட்டது. மூலநூல் ஆபாசமன்று என நியூயார்க் நீதிமன்றத்தில் நீதிபதி வுல்சி தீர்ப்பளித்தது 1933இல். 77 ஆண்டுகளுக்குப் பின் அதே கதை மற்றொரு வாயிலில் நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அத்தடையும் விலகியது.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒன்றுண்டு. ஆப்பிள் தன் ஆய்வு விதிகளை முதன்முதலாக வெளியிட்டது 2010 செப்டம்பரில். அதாவது, மூன்று படைப்பாளரும் தெளிவாக எழுதி வெளியிடப்படாத அளவுகோல்களால் அளக்கப்பட்டனர். விதிகள் வெளிவந்தபோது, தொழில்முறை அரசியல் அங்கதக் கலைஞர்க்கு விலக்களிக்கும் ஒரு வரியும் அவற்றில் இடம்பெற்றிருந்தது. ஒரு கலைஞர் பட்ட இன்னலின் சுவடு அவ்வரியில் தெரிகிறது. ஆனால் பரிசு பெறாத ஒரு கலைஞர்க்கு அந்த அழைப்பு வந்திருக்குமா என்னும் வினாவுக்கு எந்த விதியிலும் விடையில்லை.

மறுப்பைப் பெறும் நிரலாளர் செய்யத்தக்கது சினமடக்கி மறுமொழி எழுதுவது. எந்த விதியின் எந்த எண் மீறப்பட்டது எனக் கேட்டல் வேண்டும். படைப்பின் நோக்கத்தை ஆய்வாளர்க்கான குறிப்பில் முன்கூட்டியே விளக்குதல் நலம். மேல்முறையீட்டுக் குழுவும் உண்டு. விழா நாளுக்கு முதல்நாள் செயலியை அனுப்பி மறுநாள் வெளியீட்டை அறிவிப்பவர், தாளும் மையும் வாங்காமல் நூல் வெளியீட்டுக்கு அழைப்பிதழ் அச்சிடுபவரை ஒப்பர்.

விளம்பரம்

வாயிலைக் கடந்த செயலி இலட்சக்கணக்கான செயலிகளுள் ஒன்றாகிறது. வியட்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த டோங் நுயென் படைத்த 'ஃபிளாப்பி பேர்ட்' என்னும் சிறு விளையாட்டு 2013 மே மாதம் வெளிவந்தது. பல மாதங்கள் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 2014 ஜனவரியில் அதுவே பட்டியலின் தலைமையிடத்தை அடைந்தது. விலையின்றி வழங்கப்பட்ட அவ்விளையாட்டு, விளம்பரங்களால் நாளொன்றுக்கு 50,000 டாலர் ஈட்டியதாகச் செய்திகள் கூறின. அடுத்த மாதமே, வந்து குவிந்த புகழைத் தாங்க இயலாமல் அவரே அதனைக் கடையிலிருந்து விலக்கிக்கொண்டார். புறக்கணிப்பைப் போலவே புகழும் படைத்தவர் கையில் இல்லை என்பதற்கு இது சான்று.

தற்செயலை நம்பாதவர்க்குக் கட்டண விளம்பரம் உண்டு. 2016 அக்டோபர் முதல் ஆப்பிளின் தேடல் முடிவுகளுக்கு மேலே விளம்பரம் இடம்பெற்று வருகிறது. ஏலத்தில் ஒரு சொல்லுக்குப் பணம் கட்டுபவரே அங்கே முதலில் தோன்றுவார். ஒருவருடைய செயலியின் பெயரையே போட்டியாளர் ஏலம் கேட்கலாம். தம் பெயரைத் தேடி வருவோரை இழக்காதிருக்கத் தம் பெயருக்கே பணம் செலுத்தும் நிலை இதனால் உண்டாகிறது.

செயலிக்குள் பிறர் விளம்பரத்தை இடம்பெறச் செய்து வாழ்வது மற்றொரு வழி. அவ்வழியை மேற்கொள்வோர் ஒன்றை மறத்தலாகாது. இரங்கற்பாவின் கீழே சூதாட்ட விளம்பரம் வந்து நிற்பின் பழி கவிஞரையே சாரும். விலக்க வேண்டிய விளம்பர வகைகளைக் குறிக்கும் வசதி உண்டு. அதனை முதல்நாளே செய்துவிடல் வேண்டும். மேலும், 2021 ஏப்ரல் முதல் ஐபோனில் பயன்படுத்துவோரைப் பிற செயலிகளிலும் பின்தொடர அவரது இசைவு பெறவேண்டும் என்றாயிற்று. வாசகர்க்கு இது நன்மை. விளம்பரத்தையே நம்பியிருந்த சிறு படைப்பாளர்க்கு வருவாய் குறைந்தது.

விநியோகம்

விற்பனையில் கடையின் பங்கு தொடக்கத்தில் நூற்றுக்கு 30. ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டாலருக்கு உட்பட்டோர்க்கு ஆப்பிள் 2021 ஜனவரியில் அதனை 15ஆகக் குறைத்தது. கூகுளும் அதே ஆண்டு முதற் பத்து இலட்சம் டாலருக்கு அவ்வாறே செய்தது. விற்பனையாளர் கழிவைக் கணக்கிட்டுப் பழகிய பதிப்பாளர்க்கு இதில் வியப்பிராது. வியப்பளிப்பது வேறொன்று. ஆப்பிளின் கடையில் செயலியை வாங்கியவர் யார் என்பது படைத்தவர்க்குத் தெரிவிக்கப்படுவதில்லை. நூறு படி விற்ற கவிஞர் நூறு முகவரிகளைக் குறித்து வைத்துக்கொள்ள இயலும். ஆயிரம் படி விற்ற நிரலாளரிடம் ஒரு முகவரியும் இராது.

பெரிய நிறுவனங்களும் இந்நிலைக்கு விலக்கல்ல. கட்டணத் தகராற்றில் 2024 மார்ச் 1ஆம் நாள் சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகள் சிலவற்றைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பின் சில நாட்களில் அவை திரும்பின. அமைச்சர் வரை குரல் எட்டாத ஒருவர் என்ன செய்வார்?

இதனினும் ஆழமான கவலை நிலைபேறு பற்றியது. ஆண்டுக் கட்டணம் செலுத்தத் தவறினால் ஆப்பிளின் கடையிலிருந்து செயலி மறைகிறது. நெடுநாள் புதுப்பிக்கப்படாத செயலிகளை நீக்கும் வழக்கம் 2016 முதல் அங்கு உள்ளது. கூகுளும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பத் திருத்தப்படாத செயலிகளைப் புதிய கைபேசியினர்க்குக் காட்டுவதில்லை. ஆசிரியர் மறைந்த பின்னும் அவர் நூல் நூலகத்தில் இருக்கிறது. நிரலாளர் மறைந்த சில ஆண்டுகளில் அவர் செயலி மறைந்துபோகும்.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அந்நூலின் ஏடுகள் பல வீடுகளில் பல கைகளால் படியெடுக்கப்பட்டுக் கிடந்தமையே. ஏடு கொடுத்தவர் எவரும் மற்றவரிடம் இசைவு கேட்டுப் படியெடுத்தவர் அல்லர். செயலிக் கடையில் படி ஒன்றே, திறவுகோலும் ஒருவரிடமே.

ஆதலால் கவிதையைச் செயலியாக்க விரும்பும் அன்பர்கள் அவ்வாறே செய்க. விதிகளைப் படித்து, பாயிரத்தைச் செம்மையாக எழுதி, வாயிலைக் கடந்து செல்க. அதே வேளையில் மூலப்பாடத்தை எந்தக் கடையையும் சாராத எளிய கோப்பாகவும் அச்சுப் படியாகவும் வைத்திருத்தல் வேண்டும். செயலியின் மூலநிரலை நம்பத்தக்க இருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். வாசகர் தாமே விரும்பித் தரும் முகவரிகளைத் தனிப் பட்டியலாகப் பேணுதல் வேண்டும். பத்தாண்டுகளாக இவ்வட்டம் தன் உறுப்பினர் பட்டியலைப் பேணி வந்துள்ளது. அதன் அருமை, செயலியை வெளியிட்டுவிட்டு யார் படிக்கிறார்கள் என்று அறியாதிருப்பவர்க்கே முழுமையாக விளங்கும்.