படுக்கையிலிருந்து ஒளு செய்யும் இடம் வரை

(கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஜும்ஆவில் துஆ கேட்டு வரும் சீட்டுகளைக் கவனித்திருப்பீர்கள். 'வாப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிய துஆ செய்யுங்கள்.' துஆ செய்வோம். ஆனால் அந்தச் சுவரில் ஒரு கைப்பிடி இருந்திருந்தால்?

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிகம் பலியாவோர் 60 வயதைத் தாண்டியவர்களே. தப்பியவர்களிலும் எத்தனை பேர் படுக்கைப் புண்ணோடும் பிறர் தயவோடும் காலம் தள்ளுகிறார்கள்!

'எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்' என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. கடைக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு தவக்குல் வைக்கும் நாம், பெற்றோர் விஷயத்தில் மட்டும் கட்டாமலே விடுவது என்ன நியாயம்?

இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். தஹஜ்ஜத்துக்கு எழும் உம்மா, படுக்கையிலிருந்து ஒளு செய்யும் இடம் வரை நடக்கும் அதே பாதையில், அதே நேரத்தில் நீங்கள் நடந்து பாருங்கள்.

விளக்கு சுவிட்ச் படுத்த இடத்திலிருந்து எட்டுகிறதா? வழியில் வயர், சுருண்ட பாய், உயர்ந்த நிலைப்படி இருக்கின்றனவா? அழகுக்காகப் போட்ட பளபளப்பு டைல்ஸ், தண்ணீர் பட்டதும் எப்படி வழுக்குகிறது? தடுமாறினால் எதைப் பிடிப்பார்? துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. சுவரில் ஆழமாக முடுக்கிய கைப்பிடி வேண்டும். உட்கார்ந்து ஒளு செய்ய ஆடாத நாற்காலி வேண்டும். தேய்ந்த செருப்பையும், காலில் தட்டும் கைலியையும் மாற்றுங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம், கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து பிறகு எழச் சொல்லுங்கள், டாக்டரிடமும் தெரிவியுங்கள்.

நின்று தொழ முடியாமல் தடுமாறும் பெரியவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்து தொழ அனுமதித்தார்கள் நபியவர்கள். அது மார்க்கம் தந்த சலுகை, அவமானமல்ல.

பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் இங்கே தனியாக. நம் மஹல்லாக்களில் இப்படி எத்தனை வீடுகள்! கிளை இளைஞர்களே, சுவரொட்டி ஒட்டும் கைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினையும் எடுங்கள். ஹார்டுவேர் வியாபாரிகளே, கைப்பிடிகளை அடக்க விலைக்குக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, ஹவுழின் படிக்கட்டில் பாசியைத் தேய்த்துக் கைப்பிடிக் கம்பி போடுங்கள்.

குர்ஆனின் 17வது அத்தியாயம் பெற்றோரின் முதுமையைக் குறிப்பிட்டே நம் கடமையைப் பேசுகிறது. அவர்கள் விழுந்த பிறகு லட்சங்களைச் செலவழிப்பது மட்டுமா கடமை? விழாமல் தாங்குவதும்தான்.

வல்ல அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! வஸ்ஸலாம்.