டைனோசர் கிட்டுக்கும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு

(நமது நலச் சங்கத்தின் கோடை விடுமுறைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அவர்களை இங்கே இழுத்து வந்திருக்கும் குழந்தைகளே!

டைனோசர் எலும்புக்கூடு கிட் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பிளைவுட்டில் வெட்டியது ஒரு வகை, பிளாஸ்டிக்கில் வார்த்தது இன்னொரு வகை. பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துப் பொருத்தினால் ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதை நிஜ எலும்புக்கூடு போல மாற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

பெட்டியில் வருவது பெரும்பாலும் அமெரிக்காவில் கிடைத்த விலங்குகள். நாம் நம் நாட்டு விலங்கு ஒன்றைச் செய்வோம். அதன் பெயர் பாராபாசாரஸ் தாகூரி. இன்றைய தெலங்கானா பக்கம், பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்தது. வங்காளியில் 'பரா பா' என்றால் பெரிய கால். தோண்டி எடுத்த காலத்தில், 1961இல், ரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு வந்ததால் அவர் பெயரையும் சேர்த்தார்கள். 1975இல் ஜெயின், குட்டி, ராய் சௌத்ரி, சாட்டர்ஜி ஆகிய நால்வர் முறைப்படி பெயரிட்டு அறிவித்தார்கள். பொருத்தி நிறுத்திய எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. புள்ளிவிவரக் கழகத்துக்குள் டைனோசர் நிற்பது, கணக்கு எழுதியே தலை நரைத்த எனக்குத் தனி மகிழ்ச்சி!

வேலைக்கு வருவோம். டிப்ளோடோகஸ் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிராக்கியோசாரஸ் வேண்டாம், அதற்கு முன்னங்கால் நீளம், நமக்கு ஒத்துவராது.

முதலாவது, அளவு. பாராபாசாரஸின் மொத்த நீளம் சுமார் 14 மீட்டர், தொடை எலும்பு சுமார் 1.7 மீட்டர். அதாவது, உடல் தொடையைப் போல எட்டு மடங்குக்குச் சற்று அதிகம். உங்கள் கிட்டில் தொடை எலும்பு 5 செ.மீ. இருந்தால், மொத்த நீளம் 41 செ.மீ. வர வேண்டும். டிப்ளோடோகஸின் வால் சாட்டை போல நீண்டு ஒல்லியாக முடியும். அந்த நுனியை வெட்டிவிடுங்கள். கழுத்திலும் சில முள்ளெலும்புகளைக் குறையுங்கள்.

இரண்டாவது, வால். பழைய கிட்டுகளில் வால் தரையில் கிடக்கும். லண்டன் அருங்காட்சியகத்தில் 1905இல் வைத்த டிப்ளோடோகஸ் வார்ப்பும் அப்படித்தான் இருந்தது. டைனோசர் காலடித் தடங்களில் வால் இழுபட்ட கோடு அபூர்வமாகத்தான் தெரிகிறது என்று கண்ட பிறகு, 1993இல் அந்த வாலைத் தூக்கி நிறுத்தினார்கள். நீங்களும் உள்ளே கட்டுக்கம்பி ஒன்றைச் செருகித் தூக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் துண்டை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தாலே வளையும். இதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும்.

மூன்றாவது, இடைவெளிகள். மூட்டுகளில் தெரியும் சந்துகளை எம்-சீல் வைத்து அடையுங்கள். இறுகியதும் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். வார்ப்பு அச்சின் கோடுகளையும் அதே கையோடு தேய்த்துவிடுங்கள். சண்முகம் சாலையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் இவை கிடைக்கும்.

நான்காவது, நிறம். புதைபடிவ எலும்பு வெள்ளையாக இருக்காது. மண்ணிலுள்ள தாதுக்கள் ஏறிப் பழுப்பாகவோ சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். முதலில் இளம்பழுப்பு அக்ரிலிக் பெயிண்ட் அடியுங்கள். காய்ந்ததும் அடர்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, உடனே பழைய பனியன் துணியால் துடையுங்கள். குழிகளில் மட்டும் கறுப்பு தங்கும். கடைசியாக, வண்ணம் ஏறக்குறைய வற்றிய பிரஷ்ஷால் மேடுகளில் லேசாக வெளிர்நிறம் தடவுங்கள். அப்போதுதான் அது எலும்பாகத் தெரியும்.

அடிப்பலகையில் மணலை ஒட்டி, ஒரு காய்ந்த குச்சியையும் படுக்க வையுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. பாராபாசாரஸ் எலும்புகளோடு கல்லாகிப்போன பெரிய மரத்துண்டுகளும் சேர்ந்தே கிடைத்தன.

இனிதான் முக்கியமான இடம். கிடைத்தவை சுமார் 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. ஆனால் மண்டையோடு கிடைக்கவில்லை. சில பற்கள் மட்டுமே. கைகால் விரல்களிலும் பெரும்பகுதி இல்லை. அப்படியானால் உங்கள் கிட்டின் தலைக்கு என்ன நிறம் அடிப்பது?

வங்கியில் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை எங்காவது செருகி மறைக்கக் கூடாது. சஸ்பென்ஸ் கணக்கில் வைத்து, 'இது இன்னும் தெரியவில்லை' என்று எழுதி வைப்போம். அதே முறைதான் இங்கேயும். கிடைத்த எலும்புக்குப் பழுப்பு. ஊகித்த எலும்புக்கு வெறும் சாம்பல் நிறம்.

என் பேத்தி இப்படிச் செய்து பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்துப்போனாள். 'தலைக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை, வேலை முடியவில்லை' என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தவளிடம் நான் தலைக்குப் பழுப்பு அடிக்கச் சொல்லவில்லை. ஒரு அட்டையில், 'பழுப்பு: கிடைத்தது. சாம்பல்: இன்னும் கிடைக்காதது' என்று அவளே எழுதி முன்னால் வைத்தாள். மதிப்பெண் திரும்பி வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்த அட்டையைப் படித்துவிட்டு, "ஏம்மா கிடைக்கல?" என்று அவளிடம்தான் கேட்கிறார்கள்.

இது வெறும் விளையாட்டு விஷயம் இல்லை. தாம்பரத்தில் ரயில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய அரியலூர்ப் பக்கம், கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1987இல் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் என்று பதிவு. அந்த எலும்புகள் இன்று இல்லை, நொறுங்கிப் போய்விட்டன. எஞ்சியிருப்பவை படங்களும் எழுத்துக் குறிப்புகளும்தான். கிடைத்ததைப் பற்றி அன்றே எழுதி வைத்ததால்தான் இன்றைக்கும் அதைப் பற்றி வாதம் செய்ய முடிகிறது.

ஆகவே குழந்தைகளே, கிட் செய்யுங்கள், அட்டையும் எழுதுங்கள். பெரியவர்களே, சாம்பல் நிறத் தலையைப் பார்த்து 'இது முடியவில்லையே' என்று சொல்லிவிடாதீர்கள். விடுமுறை முடிவதற்குள் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அவர்களை அழைத்துப் போங்கள். செய்த மாடல்களைச் சங்க அறைக்குக் கொண்டு வந்தால், அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து தரச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.