‘வாடிக்கையாளர்களுக்கு மட்டும்’: கழிப்பறைச் சாவி யார் கையில்?

(தேவாலாவில் இளைஞர்கள் கூடிய ஒரு கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். “கடைக்காரர் கழிப்பறையைத் திறந்துவிடணுமா வேண்டாமா என்பதெல்லாம் சாதி ஒழிப்புக் கூட்டத்தில் பேசுற விஷயமா?” என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். இதை நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வணிகர்கள் பேசினால் அது செலவுக் கணக்காகிவிடும். நகராட்சி பேசினால் டெண்டராகிவிடும். சுற்றுலாத் துறை பேசினால் காரில் வருகிறவரின் வசதியாகிவிடும்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். எஸ்டேட் லயனிலிருந்து ஒரு அக்கா பஜாருக்கு வருகிறார். ரேஷன், வங்கி, பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், திரும்பும்போது மருந்துக் கடை. அரை நாள் போய்விடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால் மழை வேறு. தமிழ்நாட்டு மழைக் கணக்கில் தேவாலாவின் பெயர் தினமும் மேலே நிற்கிற மாதங்கள் அவை. குளிரிலும் மழையிலும் ஒதுங்க வேண்டிய அவசரம் கூடும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண் என்றால் ஒரு சுவரைப் பார்த்து நின்றுவிடுவார். அந்த அக்கா என்ன செய்வார்? காலையில் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வருவார். மாதவிலக்கு நாள் என்றால் பஜாருக்கே வரமாட்டார்.

அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தது. 2024இல் அதை மலைப்பகுதிகளுக்கும் நீட்டித்தார்கள். நல்ல திட்டம், ஆயிரக்கணக்கான பெண்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்த திட்டம். ஆனால் காசில்லாமல் பஜாருக்கு வந்து இறங்கிய பெண், கட்டணக் கழிப்பறை வாசலில் சில்லறை தேட வேண்டியிருக்கிறது. அதுவும் கழிப்பறை இருந்தால், அது திறந்திருந்தால், உள்ளே தண்ணீர் வந்தால்.

அரசு நினைத்தால் முடியாதது இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்தபோது, சுற்றுலாப் பயணி தாகத்தில் தவிக்கக் கூடாதென்று சாலையோரம் குடிநீர் ஏடிஎம் வைத்தார்கள். குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று அந்தத் திட்டம் வகுத்தவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனவே அந்த அக்கா கடையில்தான் கேட்க வேண்டும். பேக்கரி, ஓட்டல், ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க் என்று எங்கோ ஓரிடத்தில் கழிப்பறை இருக்கும். கதவில் ‘வாடிக்கையாளர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். சாவி கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும். நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தச் சாவியைப் பற்றித்தான்.

யார் வாடிக்கையாளர்? காரிலிருந்து இறங்கி வருகிற குடும்பத்திடம் “என்ன வாங்கினீங்க” என்று யாரும் கேட்பதில்லை. நேரே சாவியை எடுத்து நீட்டுவார்கள். “பின்னாடி இருக்கு சார்” என்று வழியும் காட்டுவார்கள். பணியர் குடியிருப்பிலிருந்து வந்து அதே கடையில் உப்பும் எண்ணெயும் வாங்கிய வயதான அம்மா கேட்டால், முதலில் ஒருமையில் ஒரு பதில் வரும். பிறகு “சாவி இல்ல”, “தண்ணி வரல”, “ரிப்பேர்”. இந்த மூன்றும் எப்போதும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் வராத நாளும் உண்டு. ஆனால் ஒரே கடையில் ஒரே நாளில், யார் கேட்டால் தண்ணீர் வருகிறது, யார் கேட்டால் நின்றுவிடுகிறது என்று ஒரு மணி நேரம் எதிரே நின்று பாருங்கள்.

சாதி இன்றைக்குப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு வருவதில்லை. ஒரு காலத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியார் எதிர்த்து எழுதிப் பேசி, 1941இல்தான் அது போனது. 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லுக்கு எதிராகத் திராவிடர் கழகத்தினர் அன்றாடம் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பலகைகள் இறங்கிய பிறகும் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. குவளைக்குப் பலகை தேவைப்படவில்லை. டீ ஆற்றுகிறவரின் கைக்கு யாருக்கு எந்தக் கிளாஸ் என்று தெரிந்திருந்தது. கழிப்பறைச் சாவியும் அப்படித்தான். அடுத்தவர் ‘முகத்தைப் பார்த்து’ முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ, அங்கே சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடை என்றால் என்ன என்று அண்ணல் அம்பேத்கர் ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார், தெரியுமா? 1948 நவம்பர் 29, அரசியல் நிர்ணய சபை. இன்று 15(2) என்று நாம் படிக்கிற பிரிவு விவாதத்தில் இருக்கிறது. கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் எதிலும் சாதி, மதம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவு. உறுப்பினர் நாகப்பா, சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் இதில் வருமா என்று கேட்டார். அம்பேத்கர் அளித்த பதிலின் சாரம் இது: தேடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எதுவோ அதுவே கடை, உள்ளே நுழைய விடுவதோடு அது முடிவதில்லை, சேவையும் சேர்ந்ததுதான். முடிவெட்ட மறுக்கப்பட்ட மக்களின் அனுபவம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. கடையின் வாசல் வரை சமத்துவம், கடைக்குள்ளே சாதி என்று பிரித்துவிடக் கூடாது என்று அவர் முன்னாலேயே பார்த்துவிட்டார்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். அதன் 4ஆவது பிரிவில், தீண்டாமை காரணமாகத் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் குளம், குழாய், சுடுகாட்டோடு கழிப்பிடமும் பெயர் சொல்லியே இருக்கிறது. சட்டத்தில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. தீண்டாமை காரணமாக மறுத்தார் என்று காட்ட வேண்டும். “ரிப்பேர்” என்று சொன்னவர்மீது எந்தக் காவல் நிலையத்தில் போய் வழக்குப் போடுவீர்கள்? அதனால்தான் யாருக்குத் தருவது என்ற முடிவையே கல்லாவில் இருப்பவர் கையிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறேன். எல்லோருக்கும் என்று ஆன பிறகுதான் இவருக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்க முடியும். மகாடு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1924இலேயே நகராட்சி அதை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. அந்தத் தீர்மானம் இருந்ததால்தான் 1927இல் அம்பேத்கரோடு மக்கள் போய்த் தண்ணீர் அள்ளியபோது, அது உரிமையை எடுத்துக்கொள்வதாக இருந்தது.

இடையில் ஒன்று. “1867ஆம் ஆண்டு சராய் சட்டப்படி எந்த ஓட்டலிலும், ஐந்து நட்சத்திர ஓட்டலில்கூட, இலவசமாகக் கழிப்பறை போகலாம்” என்று வாட்சாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களில் பலர் பகிர்ந்திருப்பீர்கள். அந்தச் சட்டம் சராய் நடத்துபவர் பதிவு செய்ய வேண்டும், இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும், கட்டணப் பட்டியல் தொங்கவிட வேண்டும் என்கிறது. வழியில் போகிறவருக்குக் கழிப்பறை உரிமை என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதை நம்பிக் கடையில் போய்ச் சண்டை போட்டால் நாம்தான் தலைகுனிந்து திரும்புவோம்.

இப்போது நம் பக்கத்து ஊர்க் கதைக்கு வருகிறேன். நாடுகாணியில் இறங்குகிற சாலை வழிக்கடவு, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோட்டுக்குப் போகிறது. அங்கே மிட்டாய்த் தெரு என்று ஒரு பெரிய கடைவீதி. அதில் தையல் வேலை பார்த்த பி. விஜி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் கையிலெடுத்த முதல் பிரச்சினைகளில் ஒன்று கழிப்பறை. நாள் முழுக்க நின்று துணி எடுத்துக் காட்டுகிற பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். தாங்க முடியாதபோது பக்கத்து ஓட்டலுக்குப் போவார்கள். தயவு கேட்டுப் போக வேண்டும், வழியில் கேலியையும் கேட்க வேண்டும். போராட்டம் அங்கே தொடங்கி, ‘உட்காரும் உரிமை’ வரை வளர்ந்தது. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை தர வேண்டும் என்றது. 2021இல் தமிழ்நாடும் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. நம்மூர்ச் சட்டசபையில் நிறைவேறிய ஒரு சட்டத்தின் வேர், கோழிக்கோட்டில் ஒதுங்க இடம் கேட்ட பெண்களிடம் இருக்கிறது.

இதில் நான் கவனித்தது, வாடிக்கையாளருக்குக் கழிப்பறை உண்டா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கடையில், கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற தங்கைக்கே கழிப்பறை இல்லை என்பது. 2019இல் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டபோது, ஊழியர்களுக்கு ஓய்வறையும் கழிவறையும் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஆனால் அது 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கான ஆணை. தேவாலா பஜாரில் பத்துப் பேர் வேலை பார்க்கும் கடை எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். எஸ்டேட்டுக்குள் கதை வேறா? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், எளிதில் போகக்கூடிய இடத்தில் வேண்டும் என்றது. கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், தேயிலைச் செடிக்கு நடுவே அது எங்கே இருந்தது என்று.

கடைக்காரர் பக்கமும் பேச வேண்டும். எல்லாக் கடைக்காரரும் ஒன்றல்ல. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, டேன்டீ வேலை போதாமல் ஒரு பெட்டிக்கடை போட்டிருக்கும். அதற்கே கழிப்பறை கிடையாது. கூடலூர், பந்தலூரில் இன்னொரு சிக்கல், நிலம். 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் 17ஆவது பிரிவு நிலங்களில் இருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத இடத்தில் எந்த அனுமதியை வாங்கிக் கட்டுவது? அவர்களிடம் போய் “உரிமை” என்று மேசையைத் தட்டுவது அநியாயம். கழிப்பறை வைத்திருக்கிற, வைக்க வசதியுள்ள கடைகளைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “எல்லாரும் வந்து போனா யார் கழுவுறது?” நம்மில் பலர் இதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. கடைக்காரர் கழுவப் போவதில்லை. யாரைக் கூப்பிடுவார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த மலையின் நகரங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்துவரும் அருந்ததியர் குடியிருப்பிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார். மாதத்துக்கு ஏதோ ஒரு தொகை, கையுறை கிடையாது. பத்துப் பேர் போன கழிப்பறைக்கு நூறு பேர் போனால் தொட்டி சீக்கிரம் நிரம்பும். சரிவில் கட்டிய கடை, மழைக்காலம், தொட்டி பொங்கும். அப்போது ஒரு ஆளை உள்ளே இறக்குவார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. உயிரிழப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. தொகை உயர்ந்ததே தவிர இறப்பது நிற்கவில்லை. ஒருவரின் கழிப்பறை உரிமை, இன்னொருவரைத் தொட்டிக்குள் இறக்கி வருமானால் அந்த உரிமை நமக்கு வேண்டாம்.

‘அங்காடித் தெரு’ படத்தில், பாழடைந்த பொதுக் கழிப்பறையைக் கழுவி வாசலில் உட்கார்ந்து காசு வாங்கிப் பிழைக்கிற ஒருவர் வருவார். தியேட்டரில் கைதட்டினார்கள். தன்னம்பிக்கைக் கதை! அந்த வேலையைச் செய்ய நகராட்சி ஏன் சம்பளத்தோடு ஆள் வைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஜெர்மனியில் ஆலன் என்ற ஊரில் தொடங்கி இப்போது பல நகரங்களில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கடையின் கதவில் ஒட்டுப்படம் இருக்கும். யார் வேண்டுமானாலும் கழிப்பறை போகலாம், எதுவும் வாங்க வேண்டாம். அதற்காக நகராட்சி அந்தக் கடைக்கு மாதாமாதம் பணம் தருகிறது. தெற்கு டெல்லி மாநகராட்சி 2017இல் வேறு வழி பார்த்தது: ஓட்டல்கள் திறந்துவிட வேண்டும், 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்றது. பராமரிப்புக்கு மாநகராட்சி பொறுப்பேற்கவில்லை, ஓட்டல்காரர்கள் எதிர்த்தார்கள். காசு வாங்கும் கை இருக்கிறவரை சாவியும் அந்தக் கையில்தான் இருக்கும். எனக்கு ஆலன் வழிதான் சரியென்று படுகிறது, ஒரு திருத்தத்தோடு: கடைக்குத் தரும் பணத்தில் பாதி, கழுவுகிறவரின் கணக்கில் நேரே போக வேண்டும்.

நெல்லியாளம் நகராட்சிக்கு நாம் கொடுக்கப்போகும் மனுவில் இதை எழுதலாம். கடை உரிமம் புதுப்பிக்கும்போது, கழிப்பறை உள்ள கடை கதவில் ‘எல்லோருக்கும்’ என்று எழுதி வைத்தால் உரிமக் கட்டணத்தில் கழிவு, மாதத் தொகை. சுத்தம் செய்பவருக்கு ஊதியமும் பாதுகாப்புக் கருவியும் நகராட்சிப் பொறுப்பு. தொட்டிக்கு லாரி இயந்திரம் மட்டும், அதன் எண் கடையில் ஒட்டியிருக்க வேண்டும். இதெல்லாம் நகராட்சி கட்ட வேண்டிய பொதுக் கழிப்பறைக்கு மாற்று அல்ல என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் “கடையில்தான் இருக்கே” என்று அதையும் கட்டாமல் விட்டுவிடுவார்கள்.

மனுவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஞாயிறு, இரண்டு இரண்டு பேராகப் பஜாரில் கடை கடையாகப் போவோம். முதலில் முதலாளியிடம் பேச வேண்டாம். கடையில் வேலை பார்க்கும் அக்கா, தங்கைகளிடம் பெண் தோழர்கள் பேசட்டும்: காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க எங்க போறீங்க? யார்கிட்ட கேக்கணும்? கேட்டா என்ன சொல்றாங்க? பெயர் எழுத வேண்டாம், பதிலை மட்டும் எழுதுங்கள். கழுவுகிறவர் யார், எவ்வளவு தருகிறார்கள் என்பதற்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். காலை பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் கூடுவோம். குடை கொண்டுவாருங்கள்.