போட்டிக்காரர் அனுப்பிய வாடிக்கையாளர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்த மேடையிலே பேசுகிறவர்கள் பெரும்பாலும் சமயத்தையும் கல்வியையும் பற்றிப் பேசுவார்கள். அடியேன் காணித் தரகன். ஹட்டன் நகரிலே ஒரு சிறிய அறையில் மேசை போட்டு உட்கார்ந்து, காணி விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைத்துப் பிழைப்பவன். எனக்கு என்ன பேசத் தெரியும் என்று தயங்கினேன். "உங்கள் தொழிலிலே பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள், அது போதும்" என்றார் நம் காரியதரிசி. ஆகவே ஒரு சிறு விஷயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் போட்டியாகத் தொழில் செய்யும் ஒரு தரகர், தம்மிடம் வந்த வாடிக்கையாளரை, நான் கேளாமலே என்னிடம் அனுப்பிவைக்கிறார். அப்பொழுது நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதுதான் கேள்வி.

இது ஒரு கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். புடைவைக் கடைக்குப் போகிறோம். கேட்ட நிறம் அங்கே இல்லை. "எதிர்க் கடையில் பாருங்கள் அம்மா" என்று கடைக்காரரே சொல்லுகிறார். நம் நகரங்களில் நாள்தோறும் நடப்பதுதான். ஆனால், புடைவை பிழைத்துப் போனால் ஒரு பண்டிகை பிழைத்துப் போகும். காணி பிழைத்துப் போனால் ஒரு குடும்பமே பிழைத்துப் போகும்.

என்னிடம் வருகிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர்கள், கவ்வாத்து வெட்டியவர்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி, ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் கைக்கு வருகிறது. தம் ஆயுளிலே ஒரே தடவை காணும் பெரிய பணம் அது. அதைக் கொண்டு, "பத்து பேர்ச் காணி கிடைக்குமா, ஐயா?" என்று கேட்டு வருகிறார்கள். பத்து பேர்ச் என்பது சுமார் 2,722 சதுர அடி. லயத்துக் காம்பராவிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு ராஜ்யம்.

அவர்கள் இருந்த லயமும் அதன் முன்னுள்ள காய்கறித் தோட்டமும் அவர்களுக்குச் சொந்தமல்ல. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975-ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992-ஆம் ஆண்டு முதல் அவற்றில் பெரும்பாலானவை பிராந்தியக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கும், பின்பு நீண்ட காலக் குத்தகைக்கும் போயின. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் 2015 முதல் பேசப்பட்டு நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டிலே பேசிய இந்தியப் பிரதமர் மோடி, முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். நல்ல காரியந்தான். ஆயினும் காத்திருப்பவர் தொகை பெரிது. காத்திருக்க இயலாதவர்கள் எம்மைப் போன்ற தரகர்களிடம் வருகிறார்கள்.

இனி, நான் செய்த பிழையைச் சொல்லுகிறேன். பல வருஷங்களுக்கு முன், டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் என் அறைக்கு வந்தார்கள். கையிலே ஒரு துண்டுக் கடிதம். எழுதியவர் என்னைவிட மூத்த தரகர். எனக்கு நேர்ப் போட்டிக்காரர். "இவர்களுக்குச் சிறு காணி வேண்டும், கவனிக்கவும்" என்று அதில் இரண்டே வரி இருந்தது.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. 'கைக்கு வந்த வாடிக்கையை எவராவது விடுவாரா? என் விலைகளை அறிய ஆள் அனுப்பியிருக்கிறார். அல்லது, காசு கொடாத ஆட்களை என் தலையிலே கட்டுகிறார்' என்று மனம் கணக்குப் போட்டது. அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இப்பொழுது ஒன்றும் இல்லை, பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டேன்.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு கலியாண வீட்டிலே அந்த மூத்த தரகரைச் சந்தித்தேன். "தம்பி, நான் அனுப்பிய ஆட்களுக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டார். நான் மழுப்பினேன். அப்பொழுதுதான் அவர் காரியத்தைச் சொன்னார். அவர்கள் முதலில் ஓரிடத்தைப் பார்த்து, அதை முடித்துத் தரும்படி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தின் உறுதியிலே அவருக்குத் திருப்தி இல்லை. விற்க வந்தவனோ அவருக்கு உறவு. வெளிப்படையாகச் சொன்னால் உறவு முறியும். சொல்லாமல் முடித்துக் கொடுத்தால் பாவம் சேரும். ஆகையினால், "சிறு காணிகள் அவனிடம் இருக்கின்றன, அங்கே போங்கள்" என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார். நான் துரத்தியபடியால் அவர்கள் திரும்பவும் பழைய இடத்துக்கே போய், யாரோ எழுதிக் கொடுத்த ஒரு கடுதாசியை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். காணி கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. மகனுடைய லயத்துக் காம்பராவிலே ஒரு மூலையில் ஒதுங்கினார்கள்.

அன்பர்களே, அவர்களை ஏமாற்றியவன் நானல்லன். ஆயினும், அவர்கள் தப்புவதற்காக ஒருவர் திறந்துவிட்ட கதவை அடைத்தவன் நான். என் சந்தேகத்துக்குரிய விலையை அவர்கள் கொடுத்தார்கள்.

அன்று முதல் சில விதிகளை வகுத்துக்கொண்டேன். அவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, காரணத்தைக் கேட்டு அறிய வேண்டும். மனத்துக்குள்ளே ஊகிப்பது கூடாது. போட்டிக்காரர் ஆள் அனுப்புவதற்கு நியாயமான காரணங்கள் பல உண்டு. அவர் பங்களாவும் ஹோட்டல் நிலமும் விற்பவராக இருக்கலாம். பத்து பேர்ச் அவருக்குத் தோதுப்படாது. அவர் விற்பவர் பக்கத்துக்கு வாக்குக் கொடுத்தவராக இருக்கலாம். இரண்டு பக்கமும் நிற்பது முறையாகாது. நோயாகவோ பிரயாணத்திலோ இருக்கலாம். காணியிலே பழுது இருப்பதை அறிந்தவராகவும் இருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பிலே இது தெரிந்துவிடும். "அண்ணே, ஆட்கள் வந்தார்கள், நன்றி. நான் அறிந்திருக்க வேண்டியது ஏதும் உண்டா?" என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால் இந்தக் கதையே இராது.

இரண்டாவது, வந்தவரிடம் மறைக்கக் கூடாது. "உங்களை அனுப்பியவருக்கும் எனக்கும் இன்ன ஏற்பாடு இருக்கிறது, தரகில் அவருக்கு இவ்வளவு போகும், உங்களுக்கு விருப்பமில்லையென்றால் வேறிடம் போகலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு மனிதர், கைமாறும் சரக்கல்ல.

மூன்றாவது, பங்கை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். இதிலும் ஒரு தடவை சூடு பட்டேன். பங்கு பேசாமல் ஒரு காரியத்தை முடித்தேன், அனுப்பியவர் பாதி கேட்டார், நான் மறுத்தேன், கடைசியில் அவர் வாங்கியவரிடமே போய்த் தனியாகக் காசு கேட்டார். இரண்டு யானைகளின் சண்டையில் மிதிபட்டது புல். கணக்கு எளிது. பத்து லட்ச ரூபாய்க் காணிக்கு நூற்றுக்கு மூன்று தரகு என்று பேசியிருந்தால் தரகு 30,000 ரூபாய். அதில் நாலில் ஒரு பங்கு அனுப்பியவருக்கு என்றால் 7,500 ரூபாய். இதை ஒரு தாளிலே எழுதி இருவரும் கையெழுத்து வைக்க ஐந்து நிமிஷம் போதும். அனுப்பியவருக்காக வாங்குபவரிடம் ஒரு சதமும் கூடுதலாகக் கேட்கலாகாது.

நான்காவது, அவர் அனுப்பினார் என்பதற்காகச் சோதனையைக் குறைக்கக் கூடாது. "அவர் பார்த்திருப்பார்" என்று நானும், "இவர் பார்ப்பார்" என்று அவரும் இருந்தால் எவரும் பார்க்கமாட்டார். நம் நாட்டிலே 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதானால் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் உறுதி எழுத வேண்டும். வெறும் கடுதாசி காணியைத் தராது. எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் உடனே பதியவும் வேண்டும். பதியாமல் பெட்டியிலே பூட்டி வைத்தால், பின்னாலே எழுதி முன்னாலே பதிந்தவருடைய உறுதி மேலோங்கலாம். 1927-ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம் அப்படி. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியானால், 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். பிரதேச செயலாளரின் அனுமதியின்றி அதை விற்க முடியாது. தோட்டக் காணியையோ, குடியிருப்பவர் தாமாக விற்க உரிமை கிடையாது. இவற்றோடு, முப்பது வருஷப் பதிவேட்டையாவது ஒரு சட்டத்தரணியைக் கொண்டு தேடிப் பார்ப்பதும், நில அளவைப் படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு எல்லைகளை நடந்து பார்ப்பதும் அவசியம்.

மலைநாட்டுக்கு இன்னொன்றும் உண்டு: மண்சரிவு. 2014 அக்டோபர் 29-ஆம் திகதி, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை எவரும் மறக்கவில்லை. வீடு கட்டுவதற்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அந்த நிலத்தைப் பற்றிக் கேட்டு அறிய வேண்டும். உறுதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நிலம் உறுதியாக இல்லாவிட்டால் என்ன பயன்?

ஐந்தாவது, முடிவை அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். காரியம் முடிந்தாலும் சொல்ல வேண்டும். முடியாவிட்டாலும் சொல்ல வேண்டும். என்னால் இயலாது என்றால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வந்தவரிடம் அனுப்பியவரைப் பற்றிக் குறை பேசுவது அறவே ஆகாது. வந்தவருடைய குடும்ப விஷயங்களை அனுப்பியவருக்கு ஒப்புவிப்பதும் ஆகாது. இன்று அவர் அனுப்பியதுபோல, நாளைக்கு என்னால் இயலாத ஒருவரை அவரிடம் அனுப்ப எனக்கும் மனம் வர வேண்டும்.

போட்டிக்காரர் ஒத்துழைப்பது புதுமையன்று. ரங்கூனிலே தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஒருவருக்கொருவர் போட்டிதான். ஆயினும் மொகல் தெருக் கோயிலிலே கூடியிருந்து, தங்களுக்குள் நடப்பு வட்டியை நிச்சயித்துக்கொண்டார்கள். ஒரு கடையில் பணம் இல்லையென்றால் மறு கடையில் வாங்கிக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலே காணித் தரகர்கள் 1908-ஆம் ஆண்டில் தேசிய சங்கம் அமைத்து, 1913-ஆம் ஆண்டில் தமக்கென ஒழுக்க விதிகளையும் எழுதினார்கள். தம்மிடமுள்ள வீடுகளின் பட்டியலைப் போட்டிக்காரருக்கும் காட்டித் தரகைப் பகிர்ந்துகொள்வது அங்கே நெடுங்கால வழக்கம். ஆனால், அந்தப் பங்கைப் பற்றியே வழக்குகள் எழுந்து, 2024 ஆகஸ்ட் முதல், வாங்குபவரோடு தரகை முன்கூட்டி எழுத்திலே பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. அவ்வளவு பெரிய தேசத்திலும் ஒளிவுமறைவு இருந்த இடத்திலேதான் வம்பு வந்தது.

திருவள்ளுவர் வாணிகத்தைப் பற்றி நடுவுநிலைமை என்ற அதிகாரத்திலே சொன்னார். வியாபாரம் என்பது சாமர்த்தியத்தோடு நின்றுவிடாமல் நேர்மையிலே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

வாலிப அன்பர்களே! உங்களில் எல்லோரும் காணித் தரகர்களாகப் போவதில்லை. கொழும்பிலே கடை வைப்பீர்கள். நுவரெலியாவிலே மரக்கறி வியாபாரம் செய்வீர்கள். கணக்காளராகவும் சட்டத்தரணியாகவும் வருவீர்கள். எந்தத் தொழிலிலும், ஒரு நாள், போட்டிக்காரர் ஒருவரை உங்களிடம் அனுப்புவார். அவரைக் கொள்ளைப் பொருளாகவும் நினைக்க வேண்டாம். கண்ணியாகவும் நினைக்க வேண்டாம். உங்களை நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள் என்று கொள்ளுங்கள்.

அந்த மூத்த தரகர் இன்று தொழிலை விட்டு ஓய்ந்திருக்கிறார். கடைசிக் காலத்தில் அவர் எனக்கு அனுப்பியவர்களும் பலர், நான் அவருக்கு அனுப்பியவர்களும் பலர். ஆனால் டிக்கோயாவிலிருந்து வந்த அந்த இருவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் அறையிலே இப்பொழுது இரண்டு நாற்காலிகள் அதிகமாகப் போட்டிருக்கிறேன். யார் அனுப்பி வந்தாலும், வருகிறவரை முதலில் உட்காரச் சொல்லுகிறேன். பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.