திரையில் எழுதப்படும் தமிழ்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இலக்கிய மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் அரசு அலுவலகத்துக் கணினித் திரையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அவையினர் சிலர் வியக்கக்கூடும். கவிதைக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் வெகு தூரம் என்பதே பொதுவான எண்ணம். அந்தத் தூரம் அத்துணைப் பெரிதன்று என்பதும், அதைக் கடந்து செல்லும் கடமை சொல்லை நேசிப்போர்க்கு உண்டு என்பதுமே இவ்வுரையின் பொருள்.

வண்டியூரிலிருந்து தென்கிழக்கே சிறிது தொலைவு சென்றால் கீழடி. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, அவ்வூர்ப் பண்பாட்டின் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டு சென்றது. வடகிழக்கே சென்றால் மாங்குளம். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, சமணத் துறவிக்குச் செய்வித்த அறத்தை அங்கே குன்றின் பாறையில் தமிழில் பொறித்து வைத்தான். முன்னது, குடிமகன் தன் பொருளின்மீது தன் பெயரைத் தானே எழுதியது. பின்னது, அரசின் பணியாளன் தான் செய்ததை ஊரறிய எழுதியது. குடிமகனின் பெயரும் அரசின் சொல்லும் இன்று ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அந்த இடம் இ-சேவை மையத்துக் கணினித் திரை.

அத்திரைக்குத் தமிழ் வந்து சேர்ந்த வழி நெடியது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. நகராட்சி ஆணையராகப் பணியாற்றிய கீ. இராமலிங்கனார் போன்றோர் கோப்புகளில் தமிழை நடமாடச் செய்ய உழைத்தனர். 1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்றது. பின்னர் கணினி வந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டிய மடல் மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிய காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' விசைப்பலகை அரசின் தரமாயிற்று. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியும் அரசின் தரமாக ஏற்கப்பட்டது.

அந்த விசைப்பலகையைக் கவிஞர்கள் ஒருமுறை உற்று நோக்க வேண்டும். உயிர்கள் இடப்புறம், மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரம் தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ஙகரமும் அவ்வாறே புள்ளி பெறும். இன எழுத்து எது என்பதை விரலுக்கு முன்பே இயந்திரம் அறிந்திருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்களும் பொறியாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்ததால் விளைந்த நன்மை இது. அந்த மேசை இன்னும் கலைக்கப்படக் கூடாது. ஏனெனில் எழுத்து திரைக்கு வந்துவிட்டது. சொல் இன்னும் வந்து சேரவில்லை.

இதனை விளக்க, அரசுச் சேவைகளுக்குத் திரை வடிவமைக்கும் இளைஞர் ஒருவரின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்க்கலாம். அவர் எந்தத் தனி மனிதரும் அல்லர். அவருடைய மேசைக்கு வரும் சிக்கல்கள் மட்டும் கற்பனை அல்ல.

திங்கட்கிழமை அவர் முன் இருப்பது பெயர் எழுதும் கட்டம். முதற்பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று. தமிழருக்குப் பொதுவாகக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஒரே பெண்ணுக்கு ஓர் அட்டையில் அது பெயருக்கு முன்னும், மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயராய்ப் பெயருக்குப் பின்னும் நிற்கிறது. மூன்றாவதில் அவ்விடத்தில் கணவர் பெயர். மூன்றும் மூவர் என்கிறது இயந்திரம். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்கும் ஒரு கட்டம் போதும், ஆணை வாசலிலேயே நின்றுவிடும். ஆதனிடமும் குவிரனிடமும் குடும்பப் பெயர் கேட்டவர் எவருமிலர்.

செவ்வாய்க்கிழமை சொல் தேடும் நாள். ஒரு காலத்தில் அரசுப் படிவங்களில் 'ஊனமுற்றோர்' என்று இருந்தது. அவ்விடத்தில் இன்று 'மாற்றுத்திறனாளிகள்' என்று இருக்கிறது. படிவம் நிரப்புகிறவரின் தலை சற்றே நிமிர அந்த மாற்றம் துணை செய்தது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டத்துக்குக் 'கலைஞர் மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர். அப்போது மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் மகளிர் தேர்வாயினர். திட்டத்தின் நிறை குறைகளை ஆராய்வது இங்கு நோக்கமன்று. 'உதவி' என்று எழுதும் இடத்தில் 'உரிமை' என்று எழுதியதை மட்டும் கருதலாம். உதவி பெறுகிறவர் கையேந்தி நிற்பவர், உரிமை பெறுகிறவர் கணக்குக் கேட்கக்கூடியவர். ஒரு சொல் ஒரு பெண்ணை அரசின்முன் எங்கே நிறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புதன்கிழமை அவர் அலுவலகத்தை விட்டு வெளியேறி ஓர் இ-சேவை மையத்தில் ஓரமாக அமர்கிறார். மஞ்சள் பையில் காகிதங்களைச் சுமந்து ஒரு மூதாட்டி வருகிறார். கணவர் பெயரிலிருந்த பட்டாவை மாற்ற வேண்டும். மையத்துப் பெண் கேள்விகளைத் திரையில் படித்து வாய்மொழியாய்த் தமிழாக்கிச் சொல்கிறார். மூதாட்டியின் விடையை மீண்டும் திரையின் மொழிக்கு மாற்றுகிறார். இடையில் ஓடிபி எண் கேட்கிறது இயந்திரம். கைப்பேசி பேரனிடம் இருக்கிறது. பேரன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். மூதாட்டி காத்திருக்கிறார். தன் நிலத்தைப் பற்றி, தன் கணவரைப் பற்றி, தன் பெயரில் எழுதப்படும் ஒரு பக்கத்தைத் தாமே படித்துணர இயலாமல் அவர் காத்திருக்கிறார். 2011-இல் பிரிட்டனில் தொடங்கிய அரசு எண்ணிமச் சேவைப் பிரிவு, பயன்படுத்துவோரின் தேவையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதைத் தன் முதற் கொள்கையாக வகுத்தது. மஞ்சள் பையைப் பாராமல் திரை வரையக் கூடாது என்பதே அதன் தமிழ்.

வியாழக்கிழமை பிழைச் செய்திகளைத் திருத்துகிறார். 'உள்ளீடு செல்லாது' என்று திரை சொல்கிறது. எது செல்லாது, ஏன் செல்லாது, இனி என்ன செய்வது? மூன்றுக்கும் விடையில்லை. அவர் எழுதிப் பார்க்கிறார்: 'அட்டையில் உள்ள பெயரும் இங்கே எழுதிய பெயரும் ஒத்துப்போகவில்லை. முன்னெழுத்தைச் சரிபாருங்கள்.' சொற்கள் கூடின, அச்சம் குறைந்தது. 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒருவரைத் திருப்பி அனுப்புவது கதவைச் சாத்துவது போன்றது. காரணத்தையும் மேல்முறையீட்டுக்கான வழியையும் அடுத்த வரியிலேயே சொல்வது, கதவு மூடியிருப்பினும் சன்னலைக் காட்டுவது போன்றது.

இங்கே தமிழன்பர்கள் கருத வேண்டிய ஒன்று உண்டு. பட்டா, சிட்டா ஆகியவை பிறமொழி வழி வந்த சொற்கள். அடங்கல் தமிழ்ச் சொல். வைகைப் பாசனத்து உழவர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அவற்றுள் இரண்டை நீக்கி இதுவரை எவரும் கேட்டறியாத புதுச்சொற்களைத் திரையில் ஏற்றினால், ஆங்கிலம் இட்ட பூட்டைக் கழற்றித் தமிழால் ஒரு பூட்டு இட்டதாகவே முடியும். புதுச்சொல் வேண்டாம் என்பதன்று. மாற்றுத்திறனாளி என்பதும் ஒருநாள் புதுச்சொல்லே. அது மனிதரின் மதிப்பை உயர்த்தியதால் மக்கள் அதனை ஏற்றனர். எந்த இடத்தில் புதிது படைக்க வேண்டும், எந்த இடத்தில் பழகியதை விட்டுவைக்க வேண்டும் என்று பகுத்துணரும் செவி, சொல்லோடு நாளும் வாழ்கிறவர்க்கே இயல்பாய் வாய்க்கும்.

வெள்ளிக்கிழமை மாலை. இப்பணி புரிவோரிடையே பல நாடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அவ்வாரம் செய்ததையும் செய்யத் தவறியதையும் ஒளிக்காமல் எழுதி வைப்பது அது. நம் இளைஞரும் எழுதுகிறார். பிழைச் செய்தி திருந்தியது. ஒரு சொல் மாறியது. பெயர்க் கட்டம் மாறவில்லை. அதன் பின்னுள்ள தரவுத்தளம் வேறொரு துறையின் கையில் இருக்கிறது. மூதாட்டியின் பட்டா என்னவாயிற்று என்று அவருக்குத் தெரியாது. ஒரு வார உழைப்பின் கணக்கு இவ்வளவே. மேடையில் கைதட்டல் பெறும் பணியன்று இது. ஆயினும் அவர் திருத்திய அந்த இரண்டு வரிகளைப் படிக்கப்போகிறவர் தொகை, அச்சிடப்படும் எந்தக் கவிதைத் தொகுதிக்கும் கிட்டாத தொகை.

மன்றத்துக்குப் பத்து ஆண்டுகள் நிறைந்திருக்கின்றன. பதினோராம் ஆண்டில் உறுப்பினர்கள் திங்களுக்கு ஒருநாள், இருவர் இருவராக, அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குச் செல்லலாம். வருவோர் தயங்கி நிற்கும் சொல் எது, தாமாகவே வழங்கும் சொல் எது என்று குறித்து வரலாம். புரியாத வரிக்கு மாற்று வரி எழுதி, கவியரங்கில் கவிதையைத் திருத்துவது போலவே கூடித் திருத்தி, தமிழ் வளர்ச்சித் துறைக்கும் உரிய அலுவலர்க்கும் அனுப்பலாம். பத்து வரிகள் அனுப்பி ஒரு வரி ஏற்கப்பட்டாலும் அந்த ஒரு வரி நாள்தோறும் வேலை செய்யும்.

கடலன் வழுதி பாறையில் எழுதியதில் அலங்காரம் இல்லை. செய்தவர் யார், செய்தது யாருக்கு, செய்தது என்ன என்பவை மட்டும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அது படிக்கப்படுகிறது. மஞ்சள் பையோடு வரும் மூதாட்டி திரையைத் தம் பக்கம் திருப்பச் சொல்லி, "இது என் பெயர்தான்" என்று தாமே படித்துச் சொல்லும் நாள் ஒன்று வர வேண்டும். அந்நாளுக்கான சொற்களைத் தேடித் தருவது இம்மன்றத்தாரால் இயலும்.

வாழ்க தமிழ்! வளர்க மன்றம்!